தங்கம் விலைக் கோடு முதல் தேர்தல் முடிவு வட்டம் வரை... முதலில் வரைந்தவர் கடனிலேயே செத்த ஒரு மனிதர்! யார் இந்த வில்லியம் பிளேஃபேர்?

தேர்தல் முடிவு நாளில் டிவி திரையில் ஒரு வட்டம் சுழலும். எந்தக் கட்சிக்கு எத்தனை சதவீதம் என்று கலர் கலராகப் பிரித்துக் காட்டும். தங்கம் விலை எவ்வளவு ஏறியது என்று பார்த்தால் ஒரு கோடு மேலே போகும். கிரிக்கெட்டில் ஒவ்வொரு ஓவருக்கும் எத்தனை ரன் என்று உயரம் உயரமாகப் பட்டைகள் நிற்கும்.

கோடு, பட்டை, வட்டம். பள்ளிக்கூடத்தில் கோட்டுப்படம், பட்டை விளக்கப்படம், வட்ட விளக்கப்படம் என்று படித்த அதே மூன்றுதான். எண்களைப் படமாகக் காட்டும் வேலையை இன்று 'டேட்டா விஷுவலைசேஷன்' என்கிறார்கள். அதற்கென்று தனிப் படிப்பு, தனி வேலை, தனி சாஃப்ட்வேர் எல்லாம் வந்துவிட்டது. ஆனால் அத்தனைக்கும் அடியில் இருப்பது இந்த மூன்று படங்கள்தான்.

இந்த மூன்றையும் பணக்கணக்குக்கும் நாட்டுக்கணக்குக்கும் கொண்டுவந்தது ஒரே ஆள். ஸ்காட்லாந்துக்காரர். பெயர் வில்லியம் பிளேஃபேர். ஆங்கிலத்தில் அந்தப் பெயரைப் பிரித்துப் படித்தால் நேர்மையாக விளையாடு என்று அர்த்தம் வரும். அவருடைய வாழ்க்கையைப் படிப்பவர்களுக்கு இந்த இடத்தில் சிரிப்பு வராமல் இருக்காது. ஏனென்றால் நிலமோசடிப் புகார், மூழ்கிய வங்கி, கடனாளிகளுக்கான சிறை, மிரட்டல் கடிதம் என்று போகிறது அவர் கதை.

பிறர் பணத்தில் நம்ப முடியாதவர் என்று பெயர் வாங்கிய ஒருவர் வரைந்த படங்களை, இன்று உலகமே நம்பிப் பார்க்கிறது. அது எப்படி நடந்தது?

தெர்மாமீட்டர் பார்த்த பையன்

1759 செப்டம்பர் 22. ஸ்காட்லாந்தின் டண்டீ நகருக்குப் பக்கத்தில் லிஃப் என்ற ஊரில் பிறந்தார் பிளேஃபேர். அப்பா ஒரு பாதிரியார். வில்லியமுக்கு 12 வயது இருக்கும்போது, 1772-ல் அப்பா இறந்துவிட்டார். குடும்பப் பொறுப்பு மூத்த அண்ணன் ஜான் தலையில் விழுந்தது. வில்லியமைவிட 11 வயது பெரியவர். பின்னாளில் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, கணிதத்திலும் நிலவியலிலும் பெரிய பெயர் வாங்கிய ஜான் பிளேஃபேர் இவர்தான்.

அண்ணன் தம்பிக்கு ஒரு வேலை கொடுத்தார். தினமும் தெர்மாமீட்டரைப் பார்த்து வெப்பநிலையைக் குறிக்கணும். எண்ணாக எழுதினால் போதாது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு போட்டு, அதன் உயரத்தில் அன்றைய வெப்பத்தைக் காட்டணும். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் எந்த வாரம் குளிர், எந்த வாரம் வெயில் என்று வாசிக்காமலே தெரியும்.

சின்ன வேலைதான். ஆனால் தன்னுடைய மொத்த யோசனையும் அங்கிருந்துதான் ஆரம்பித்தது என்று பிற்காலத்தில் அண்ணனுக்கே நன்றி சொன்னார் வில்லியம்.

படிப்பில் அண்ணன் வழியில் போகவில்லை. கதிரடிக்கும் இயந்திரத்துக்காகப் பெயர் பெற்ற ஆண்ட்ரூ மெய்க்கிள் என்பவரிடம் தொழில் பழகப் போனார். அப்புறம் 1777-ல் பர்மிங்ஹாம். அங்கே நீராவி இயந்திரத்துக்குப் புது வடிவம் கொடுத்த ஜேம்ஸ் வாட் இருந்தார். அவரிடம் டிராஃப்ட்ஸ்மேனாகவும் உதவியாளராகவும் சேர்ந்தார் பிளேஃபேர். இயந்திரங்களின் படத்தை அளவு பிசகாமல் வரைவதுதான் வேலை. ஒரு கோடு இவ்வளவு நீளம் என்றால் அதற்கு ஒரு அர்த்தம் உண்டு என்ற ஒழுங்கு அங்கேதான் கைக்கு வந்தது.

ஆனால் சில ஆண்டுகளில் அங்கிருந்து வெளியேறி, லண்டனில் வெள்ளிப் பொருட்கள் செய்யும் தொழிலில் இறங்கினார். அது ஓடவில்லை. வாழ்க்கை முழுக்கத் தொடரப்போகும் ஒரு வரிசையில் அது முதல் தோல்வி.

காசு அடுக்கினால் கணக்கு தெரியும்

அந்தக் காலத்தில் ஒரு நாட்டின் வர்த்தகத்தைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் என்ன செய்வார்கள்? அட்டவணை படிப்பார்கள். பக்கம் பக்கமாக எண். இந்த ஆண்டு இவ்வளவு பவுண்டு ஏற்றுமதி, அடுத்த ஆண்டு இவ்வளவு. 80 ஆண்டுகளைப் படித்து முடிக்கும்போது முதல் பத்து ஆண்டு மறந்துபோயிருக்கும்.

பிளேஃபேர் இதற்கு ஒரு எளிய விளக்கம் வைத்திருந்தார். ஒரு கடைக்காரர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் வியாபாரத்தில் வந்த காசை எல்லாம் கினி என்ற பொற்காசாக மாற்றி மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார். ஒரு நாளுக்கு ஒரு அடுக்கு. நல்ல வியாபாரம் நடந்த நாளில் அடுக்கு உயரமாக இருக்கும், மந்தமான நாளில் குட்டையாக இருக்கும். மாதக் கடைசியில் மேசையைப் பார்த்தாலே போதும், கணக்கு நோட்டு வேண்டாம். அந்த அடுக்குகளின் தலையை ஒரு கோட்டால் இணைத்தால்? அதுதான் அவருடைய சார்ட்.

இதில் உள்ள புதுமையை இன்று நம்மால் எளிதில் உணர முடியாது. பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிவிட்டோம். காசுக்கு உயரம் கிடையாது. ஆண்டுக்கு அகலம் கிடையாது. இரண்டையும் காகிதத்தில் நீள அகலமாக மாற்றலாம் என்று ஒருவருக்குத் தோன்ற வேண்டும். அதற்கு முன்பு விஞ்ஞானிகள் சிலர் சோதனை அளவுகளை வரைந்து பார்த்திருக்கிறார்கள். 1765-ல் ஜோசப் பிரீஸ்ட்லி, வரலாற்று மனிதர்கள் வாழ்ந்த காலத்தை நீளக் கோடுகளாகப் போட்டு ஒரு படம் வெளியிட்டிருந்தார். ஆனால் ஒரு நாட்டின் வரவு செலவை, ஏற்றுமதி இறக்குமதியை இப்படி வரைந்து வரிசையாகப் புத்தகம் போட்டவர் பிளேஃபேர்தான்.

1786-ல் அந்தப் புத்தகம் வந்தது. வணிக, அரசியல் அட்லஸ் என்று பெயர். அட்லஸ் என்றால் நாடுகளின் வரைபடம் இருக்கும் என்று வாங்குபவர் நினைப்பார். உள்ளே ஒரு மேப்கூடக் கிடையாது! 44 சார்ட்கள் இருந்தன. செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்து, கையால் வண்ணம் பூசியவை.

அதில் மிகவும் புகழ்பெற்ற ஒன்று டென்மார்க், நார்வேயுடன் இங்கிலாந்து நடத்திய வர்த்தகம். கீழே 1700-லிருந்து 1780 வரை ஆண்டுகள். பக்கவாட்டில் பவுண்டு. இரண்டு கோடுகள். ஒன்று இறக்குமதி, இன்னொன்று ஏற்றுமதி. ஆரம்பத்தில் இறக்குமதிக் கோடு மேலே இருக்கிறது. நூற்றாண்டின் பாதியைத் தாண்டியதும் இரண்டும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. அதன் பிறகு ஏற்றுமதி மேலே போகிறது. இரண்டு கோட்டுக்கும் நடுவில் உள்ள இடத்துக்கு வண்ணம். இந்தப் பக்கம் இங்கிலாந்துக்கு நஷ்டம், அந்தப் பக்கம் லாபம்.

80 ஆண்டு வர்த்தகம், சில விநாடிகளில் புரிகிறது. இப்போது பட்ஜெட் நாளில் ஏற்றுமதி-இறக்குமதி என்று காட்டும் படத்தை இதனுடன் வைத்துப் பாருங்கள். அச்சு அசல் இதேதான். இங்கிலாந்து கிழக்கு நாடுகளோடு நடத்திய வர்த்தகத்துக்கும் தனியாக ஒரு சார்ட் இருந்தது. அதில் இறக்குமதிக் கோடு ஏற்றுமதியைவிட உயரத்தில் இருந்தது. இந்தியத் துணியும் சீனத் தேயிலையும் கப்பல் கப்பலாக லண்டனில் இறங்கிய காலம் அது.

டேட்டா இல்லாததால் பிறந்த பட்டை

அந்த 44-ல் 43 சார்ட்கள் காலப்போக்கில் ஏறி இறங்கும் கணக்குகள். ஒன்றே ஒன்று மட்டும் வேறு மாதிரி. அதன் பின்னணி சுவாரஸ்யமானது.

ஸ்காட்லாந்தின் வர்த்தகத்தையும் வரைய வேண்டும் என்று பிளேஃபேர் ஆசைப்பட்டார். சொந்த ஊராச்சே. ஆனால் கையில் கிடைத்தது ஒரே ஒரு வருடக் கணக்கு. 1780 கிறிஸ்துமஸிலிருந்து 1781 கிறிஸ்துமஸ் வரை. ஒரே வருடத்தை வைத்துக்கொண்டு கோடு எப்படிப் போடுவது? ஒரு புள்ளிதான் வரும்.

அதனால் ஆண்டை விட்டுவிட்டு, நாடுகளை எடுத்துக்கொண்டார். ஸ்காட்லாந்து வியாபாரம் செய்த 17 இடங்களை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் இறக்குமதிக்கு ஒரு பட்டை, ஏற்றுமதிக்கு ஒரு பட்டை. பட்டை நீளமாக இருந்தால் வியாபாரம் பெரிசு.

உலகின் பல கோடி பேர் இன்று பயன்படுத்தும் பட்டை விளக்கப்படம் இப்படித்தான் புத்தகத்துக்குள் வந்தது. பிளேஃபேருக்கு அதில் பெருமை இல்லை. காலம் என்ற அளவு இல்லாததால் இது மற்றவற்றைவிடக் குறைந்த தரம் என்று புத்தகத்திலேயே வாசகரிடம் ஒப்புக்கொண்டார்.

பழைய முதலாளி கொடுத்த எச்சரிக்கை

புத்தகம் அச்சாகும் முன்பே பிளேஃபேர் தன் யோசனையை ஜேம்ஸ் வாட்டுக்குச் சொல்லியிருந்தார். வாட் ஒரு அறிவுரை கொடுத்தார். படத்தை மட்டும் போடாதே, பக்கத்திலேயே அந்த எண்களின் அட்டவணையையும் போடு. இல்லையென்றால் ஜனங்கள் நம்ப மாட்டார்கள்.

வாட் சொன்னதில் நியாயம் இருந்தது. எண் என்றால் சரிபார்க்கலாம். செதுக்குபவரின் கை கொஞ்சம் நழுவினால் கோடு ஏறிவிடும், அதை யார் கண்டுபிடிப்பது? பிளேஃபேர் கேட்டுக்கொண்டார். முதல் பதிப்பில் அட்டவணைகள் இருந்தன. 1801-ல் மூன்றாம் பதிப்பு வந்தபோது அவற்றைத் தூக்கிவிட்டார். படம் தன் காலில் நிற்கும் என்ற நம்பிக்கை அப்போது வந்துவிட்டது.

படம் எப்போதும் நேர்மையாகப் பேசும் என்று சொல்ல முடியாது. அதற்கு உதாரணமும் அவருடைய அட்லஸிலேயே இருக்கிறது. இங்கிலாந்தின் தேசியக் கடனுக்கான வட்டி எப்படி ஏறியது என்று ஒரு சார்ட். அதை அகலம் குறைவாக, உயரம் அதிகமாக வரைந்தார். அதனால் கோடு செங்குத்தாக ராக்கெட் போல மேலே போகிறது. அதே எண்களை அகலமான தாளில் வரைந்தால் சாதாரண மேடு மாதிரி இருக்கும். விலைவாசி உயர்வையும் கணக்கில் எடுக்கவில்லை. கடன் நாட்டை அழிக்கிறது என்று காட்ட வேண்டும் என்பது அவர் நோக்கம். படம் அதைச் செய்தது. இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வரும் அரசியல் சார்ட்களில் பாதி இந்த ஒரே உத்தியைத்தான் நம்பி இருக்கின்றன.

பாரிஸில் ராஜா முதல் புரட்சி வரை

லண்டனில் புத்தகம் பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. 1787-ல் பிளேஃபேர் பிரான்ஸுக்குப் போனார். அங்கே கதையே வேறு. மன்னர் பதினாறாம் லூயியின் கைக்கு அட்லஸ் போனது. புவியியலில் ஆர்வம் உள்ள ராஜா. பார்த்த உடனே பிடித்துப்போனது. 1789-ல் பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் வந்தது.

அதே 1789-ல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. பாஸ்டீல் சிறை வீழ்ந்த நாட்களில் அந்தப் பகுதியில்தான் பிளேஃபேர் இருந்தார். ராஜா பாராட்டிய மனிதர், சில மாதங்களில் புரட்சிக்கார ஊரில் நிலம் விற்கிற வேலையில் இறங்கினார்.

இங்கதான் அவர் வாழ்க்கையின் கறுப்புப் பக்கம் ஆரம்பிக்குது.

அமெரிக்காவின் ஒஹையோ ஆற்றங்கரையில் பெரிய நிலப்பரப்பு இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள் என்று பாரிஸில் ஒரு கம்பெனி விற்பனையைத் தொடங்கியது. பெயர் சியோட்டோ. அமெரிக்கக் கவிஞர் ஜோயல் பார்லோ அதன் ஏஜென்ட். அவருக்கு பிரெஞ்சு ஊரில் வியாபாரம் செய்து கொடுக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. பிளேஃபேர் கிடைத்தார்.

புரட்சியைப் பார்த்துப் பயந்திருந்த குடும்பங்கள் விழுந்தடித்து வாங்கின. நகைக்கடைக்காரர், முடிதிருத்துபவர், தச்சர், கொஞ்சம் பிரபுக்கள் என்று எல்லா வகை ஆட்களும். கையில் இருந்ததை விற்றுப் பணம் கொடுத்துப் பத்திரம் வாங்கிக்கொண்டு 1790-ல் கப்பல் ஏறினார்கள். சுமார் 500 பேருக்கு மேல்.

அமெரிக்காவில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. கையில் இருக்கிற பத்திரம் செல்லாது. சியோட்டோ கம்பெனிக்கு அந்த நிலமே முழுசாகச் சொந்தமில்லை. பின்னால் வாங்கிக்கொள்ளலாம் என்ற உரிமை மட்டும்தான் இருந்தது. அதற்குக் கட்ட வேண்டிய பணமும் பாரிஸிலிருந்து போய்ச் சேரவில்லை.

பணம் எங்கே போனது? பார்லோ தரப்பு பிளேஃபேரைக் கைகாட்டியது. நியூயார்க்கில் இருந்த பெரிய முதலாளிகளின் ஊக வியாபாரமே காரணம் என்று சொல்பவர்களும் உண்டு. பிளேஃபேர் தன்மேல் குற்றமில்லை என்றே கடைசிவரை சொன்னார். யார் எவ்வளவு எடுத்தார்கள் என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஆனால் இல்லாத உரிமையை இருப்பதாகச் சொல்லி விற்ற அலுவலகத்தில் அவர் உட்கார்ந்திருந்தார் என்பதில் சந்தேகமில்லை.

காட்டில் இறக்கிவிடப்பட்ட அந்த பிரெஞ்சுக்காரர்கள் ஒஹையோவில் காலிபோலிஸ் என்ற ஊரை உருவாக்கினார்கள். அந்த ஊர் இன்றும் இருக்கிறது. அவர்களின் புகாரைக் கேட்டு, 1795-ல் அமெரிக்க நாடாளுமன்றம் வேறொரு இடத்தில் 24,000 ஏக்கர் ஒதுக்கிக் கொடுத்தது. நம்மூரில் போலிப் பத்திரத்தில் மனை வாங்கி ஏமாந்தவர்களுக்கு அரசாங்கமே நிலம் தருவதுபோல நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் பலர் ஊரைவிட்டே போய்விட்டார்கள்.

வங்கி போட்டார், சிறைக்குப் போனார்

பிரான்ஸில் நிலைமை மோசமாக, பிளேஃபேர் லண்டனுக்குத் திரும்பினார். இப்போது புரட்சிக்கு எதிராகக் கடுமையாக எழுதும் எழுத்தாளர். பிரான்ஸ் புரட்சி அரசு அச்சடித்த காகிதப் பணத்தைக் கள்ளத்தனமாக அச்சடித்து, அந்த நாட்டுப் பொருளாதாரத்தைக் கவிழ்க்கலாம் என்று பிரிட்டனுக்கு அவர் திட்டம் போட்டுக் கொடுத்தார் என்றும், அவர் ஒரு ரகசிய ஏஜென்ட் என்றும் 2018-ல் வந்த ஒரு வாழ்க்கை வரலாறு சொல்கிறது. மற்ற ஆய்வாளர்கள் எல்லோரும் அதை ஏற்கவில்லை.

1797-ல் நண்பர்களுடன் சேர்ந்து லண்டனில் ஒரு வங்கி தொடங்கினார். செக்யூரிட்டி பேங்க். பாதுகாப்பு என்று பெயர் வைத்த அந்த வங்கி நிலைக்கவில்லை, மூழ்கியது. திவால். கடன் கட்ட முடியாதவர்களை அடைக்கும் ஃப்ளீட் சிறைக்கும் போனார்.

இந்தக் குழப்பத்துக்கு நடுவிலேதான், 1801-ல், அவருடைய இன்னொரு புகழ்பெற்ற புத்தகம் வருகிறது. 'ஸ்டாட்டிஸ்டிக்கல் பிரெவியரி'. ஐரோப்பிய நாடுகளின் பலத்தைச் சுருக்கமாகக் காட்டும் நூல்.

ஒரு நாட்டின் பரப்பளவை எப்படிக் காட்டுவது? வட்டம் போட்டார். நாடு பெரிசு என்றால் வட்டம் பெரிசு. சரி, துருக்கியப் பேரரசு ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா என்று மூன்று கண்டத்தில் பரவி இருக்கிறதே, அதை எப்படிக் காட்டுவது? அந்த வட்டத்தையே மூன்று துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வண்ணம் பூசினார்.

உலகின் முதல் வட்ட விளக்கப்படம் என்று அறிஞர்கள் காட்டுவது இதைத்தான். 'பை சார்ட்' என்ற பெயர் அவர் வைத்ததல்ல, பின்னால் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலேயருக்கு அது பை என்ற பலகாரம். பிரெஞ்சுக்காரர்கள் கமாம்பேர் என்ற வட்டமான பாலாடைக்கட்டியின் பெயரைச் சொல்வார்கள். சாப்பாட்டு ஞாபகம் எல்லா ஊரிலும் ஒண்ணுதான்.

அந்த நூலின் பின்பகுதியில் இந்துஸ்தானை ஆளும் சக்திகளுக்கும் இதேபோல ஒரு பகுதி ஒதுக்கியிருந்தார். ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்து அப்போது இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்தியாவில் யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள லண்டனில் வாங்குவதற்கு ஆட்கள் இருந்தார்கள்.

கண்ணை ஏமாற்றிய சாய்வுக்கோடு

அதே புத்தகத்தில் ஒரு பெரிய தவறும் இருக்கிறது. டேட்டா விஷுவலைசேஷன் கற்றுக்கொள்பவர்களுக்கு இன்றும் பாடமாக இருக்கும் தவறு.

ஒவ்வொரு நாட்டு வட்டத்துக்கும் இடப்பக்கம் ஒரு நேர்கோடு. அதன் உயரம் மக்கள்தொகை. வலப்பக்கம் இன்னொரு நேர்கோடு. அதன் உயரம் அரசின் வருமானம். இரண்டின் உச்சியையும் ஒரு சாய்வுக்கோட்டால் இணைத்தார். வலப்பக்கம் ஏறினால் மக்கள்தொகைக்கு வரி அதிகம், இறங்கினால் குறைவு. பிரிட்டனின் கோடு செங்குத்தாக ஏறுகிறது. பாருங்கள், நம் மக்கள்மேல் எவ்வளவு வரிச்சுமை என்பதுதான் சொல்ல வந்த விஷயம்.

பிரச்சினை எங்கே? இரண்டு நேர்கோட்டுக்கும் நடுவில் இருப்பது வட்டம். ரஷ்யா மாதிரி பெரிய நாட்டுக்குப் பெரிய வட்டம் என்பதால், இரண்டு கோடும் தள்ளித் தள்ளி நிற்கும். சாய்வு தானாகவே படுத்துவிடும். சின்ன நாட்டில் கோடுகள் நெருங்கி நிற்பதால் சாய்வு செங்குத்தாகத் தெரியும். அதாவது வரியைக் காட்டுவதாகச் சொன்ன சாய்வு, பாதி நாட்டின் அகலத்தைத்தான் காட்டுகிறது. வேண்டுமென்றே செய்தாரா, தெரியாமல் நடந்ததா என்று இன்று சொல்வது கடினம். ஏறுகிறதா, இறங்குகிறதா என்பது மட்டும் சரியாக இருந்தது. எவ்வளவு என்பதுதான் கோளாறு.

பணத்துக்காக ஒரு மிரட்டல்

அதன் பிறகு பிளேஃபேர் வாழ்க்கை எழுத்திலேயே ஓடியது. புத்தகம், துண்டுப்பிரசுரம், பத்திரிகை என்று கை ஓயாமல் எழுதினார். 1805-ல் ஆடம் ஸ்மித்தின் 'நாடுகளின் செல்வம்' நூலுக்குக் குறிப்புகள் எழுதிப் பதிப்பித்தார். ஸ்மித்தின் ஆதரவாளர்களிடம் திட்டு வாங்கியதுதான் மிச்சம். நெப்போலியன் வீழ்ந்தபின் மறுபடி பாரிஸ் போய் ஒரு ஆங்கிலப் பத்திரிகைக்கு ஆசிரியரானார். அங்கே அவதூறு வழக்கில் சிறைத்தண்டனை விதிக்கப்பட, லண்டனுக்கு ஓடி வந்தார்.

இதற்கு நடுவில் 1816-ல் நடந்த ஒன்று ரொம்ப நாள் வெளியே தெரியாமல் இருந்தது. ஸ்காட்லாந்தின் பெரும் பணக்காரரான ஆர்ச்சிபால்ட் டக்ளஸ் பிரபுவுக்கு பிளேஃபேர் கடிதம் எழுதினார். டக்ளஸ் சின்ன வயதில் ஒரு மிகப்பெரிய சொத்து வழக்கைச் சந்தித்தவர். அவர் அந்தக் குடும்பத்துக்குப் பிறந்த பிள்ளையா, பிரான்ஸில் வாங்கி வந்த குழந்தையா என்பதுதான் வழக்கு. 1769-ல் பிரபுக்கள் சபை அவர் பக்கம் தீர்ப்பளித்திருந்தது. சுமார் 47 ஆண்டு கழித்து, அந்த வழக்கு தொடர்பான காகிதங்கள் என் கையில் இருக்கின்றன என்று பிளேஃபேர் நூல் விட்டுப் பார்த்தார். டக்ளஸ் மசியவில்லை. காசு வரவில்லை. 1990-களில் ஆய்வாளர்கள் இயன் ஸ்பென்ஸும் ஹோவர்ட் வெய்னரும் இந்த விவகாரத்தைத் தோண்டி எடுத்து வெளியிட்டார்கள்.

1821-ல், 60 வயதைத் தாண்டிய பிளேஃபேர் தன் கடைசிப் பெரிய சார்ட்டை வரைந்தார். பலரும் அவருடைய ஆகச் சிறந்தது என்று சொல்வது இதைத்தான். 1565-லிருந்து 1821 வரை 250 ஆண்டுகளுக்கு மேல். கோதுமை விலை பட்டைகளாக நிற்கிறது. ஒரு நல்ல தொழிலாளியின் வாரக்கூலி அதன் கீழே கோடாக ஓடுகிறது. தலைக்கு மேலே எலிசபெத் தொடங்கி நான்காம் ஜார்ஜ் வரை எந்த ராஜா, எந்த ராணி காலம் என்ற வரிசை. விலை, கூலி, ஆட்சி மூன்றும் ஒரே படத்தில்.

கூலியோடு ஒப்பிட்டால் கோதுமை இப்போதுதான் ரொம்ப மலிவு என்பது அவர் வாதம். அது உண்மைதான். ஆனால் படத்தைப் பார்த்தால் சட்டென்று கண்ணில் படுவது விலையின் பெரிய பெரிய பட்டைகள்தான். கூலிக்கோடு அடியில் அமைதியாக ஏறுகிறது. ஒரு மூட்டை வாங்க எத்தனை வாரம் வேலை செய்யணும் என்று வரைந்திருந்தால் வாதம் உடனே புரிந்திருக்கும். வெய்னர் பின்னாளில் அப்படி வரைந்தே காட்டினார். படத்தை உருவாக்கியவருக்கே படம் முழுசாக அடங்கவில்லை.

1823 பிப்ரவரி 11 அன்று லண்டனில் பிளேஃபேர் இறந்தார். கையில் காசு இல்லை.

பிரிட்டனில் அவருடைய படங்களை அறிஞர்கள் பல ஆண்டு சீண்டவில்லை. படம் என்பது விளையாட்டு, எண்தான் அறிவியல் என்ற எண்ணம் ஒருபக்கம். இவர் பெயர் கெட்டிருந்தது இன்னொரு பக்கம். வெளிநாட்டில் அலெக்ஸாண்டர் ஃபான் ஹம்போல்ட் மட்டும் மெக்சிகோ பற்றிய தன் நூலில் பிளேஃபேர் முறையில் படம் போட்டு, பெயரையும் சொன்னார். 1860-களுக்குப் பிறகு பொருளாதார அறிஞர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ், விலைவாசியை வரைந்து ஆராயும்போது பழைய அட்லஸைத் தேடி எடுத்தார். அதன் பிறகு கோடும் பட்டையும் வட்டமும் அரசு அறிக்கை, செய்தித்தாள், பள்ளிப் புத்தகம் என்று ஊர் ஊராகப் பரவின. வரைந்தவர் பெயர் கூடவே போகவில்லை.

2005-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் அவருடைய அட்லஸையும் பிரெவியரியையும் ஒரே நூலாக மறுபதிப்பு செய்தது. அதற்கு முன்னுரை எழுதியவர்கள், மிரட்டல் கடிதத்தைத் தோண்டி எடுத்த அதே ஸ்பென்ஸும் வெய்னரும்தான். அவர்கள் எடுத்துக்கொண்டது அட்லஸின் 1801 பதிப்பு. வாட் போடச் சொன்ன எண் அட்டவணைகள் அதில் இல்லை.